கேம் மாற்றிய பிறகு வி4 படுத்தும் பாடு

இங்கே குன்னூரில் ராத்திரி பதினொன்று என்றால் தமாமில் மணி எட்டரை. ஷெட்டைப் பூட்டி, கை கழுவிச் சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து அக்கா மகன் போன் பண்ணுவான். "மாமா, கேம் மாத்தி வண்டிய வெளியே எடுத்தாச்சு. ஆனா டிக் டிக்குன்னு ஒரு சத்தம்." (கேம் என்றால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்.) நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "சத்தம் எப்போ வருதுன்னு சொல்லு மாப்ள." குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பிறகா, வி4 (எட்டில் நாலு சிலிண்டர் மட்டும் வேலை செய்யும் நிலை) ஓடும்போதா, வி4 விட்டு வி8-க்குத் திரும்புகிற நொடியிலா? பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பதினோரு வருஷம் ஷார்ஜாவில் சில்வராடோ, சியரா, டாஹோ என்று இந்த வண்டிகளுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தவன் நான். ஊருக்கு வந்த பிறகு ஜீப்பும் தேயிலை லாரியும்தான் வேலை. ஆனாலும் மலையிலிருந்து அங்கே போன பையன்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாததால் எழுதி வைக்கிறேன்.

இது 2007-க்குப் பிறகு வந்த, ஏஎஃப்எம் (பாரம் குறைவாக இருக்கும்போது பாதி சிலிண்டரை அணைக்கும் ஏற்பாடு) உள்ள 5.3 லிட்டர் வி8-க்கு. சில்வராடோ 2014-இலும் டாஹோ 2015-இலும் புது எஞ்சின் குடும்பத்துக்கு மாறிவிட்டன. அங்கேயும் தத்துவம் இதுதான், பாகங்களும் அளவுகளும் வேறு. 2019-இல் வந்த டைனமிக் முறையில் எட்டு சிலிண்டரும் அணையும், 17 விதமாக மாறி மாறி ஓடும். அந்த வண்டிக்கு இந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

பாதி சிலிண்டரை நிறுத்தி ஓட்டுவது நம் ஊருக்குப் புதிதா என்ன? மலை ரயிலின் பழைய எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினில் நாலு சிலிண்டர் உண்டு. கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கர ஏற்றத்தில் நாலும் வேலை செய்யும். ஏற்றம் இல்லாத இடத்தில் இரண்டு போதும். ஏஎஃப்எம் செய்வதும் அதைத்தான். சம ரோட்டில் லேசான மிதியில் 1, 4, 6, 7 ஆகிய நாலு சிலிண்டர்களை அணைத்துவிடும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-7-2-6-5-4-3. ஒன்று விட்டு ஒன்றாக எண்ணிப் பாருங்கள், 1, 7, 6, 4 என்று வரும். இந்த நாலு எண்களை மனப்பாடம் பண்ணிவிடுங்கள், கீழே எல்லாம் இவற்றை வைத்துத்தான். (அந்த வண்டியைக் கொண்டுவந்து பர்லியார் ஏற்றத்தில் விட்டால் வி4 எட்டிக்கூடப் பார்க்காது, அது வேறு கதை.)

வரும்போது ஒரு பழைய ஏஎஃப்எம் டேப்பட்டை (கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவே நின்று வால்வைத் திறக்க உதவுவது) பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். ஷெட்டு மேஜையில் பில் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். சாதா டேப்பட்டைவிட உயரம், கனமும் கூட. தலையில் ஒரு ஸ்பிரிங் வெளியே தெரியும். உடம்புக்குள் எதிரெதிராக இரண்டு சின்னப் பின். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளி வைத்திருக்கிற வரை டேப்பட் ஒரே கட்டை, புஷ் ராடைத் தூக்கும். பக்கத்துத் துளையில் ஏர் கன்னை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் "டிக்" என்று பின் உள்ளே போகும். அப்போது வைஸில் வைத்து இறுக்கினால் டேப்பட் தனக்குள்ளேயே அமுங்கும். எஞ்சினில் காற்றுக்குப் பதில் ஆயில். பிளாக்கின் பள்ளத்தை மூடியிருக்கும் தட்டில் நாலு சோலனாய்டு, சிலிண்டருக்கு ஒன்று. அந்த ஒரு சோலனாய்டே அந்த சிலிண்டரின் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு டேப்பட்டுக்கும் ஆயில் அனுப்புகிறது.

பின் சுத்தமாக உள்ளே போவதும் வெளியே வருவதும் ரோலர் கேமின் மேட்டில் இல்லாமல், வட்டமான அடிப்பகுதியில் உருளும் நேரத்தில்தான் நடக்கும். மேட்டில் இருக்கும்போது வால்வு ஸ்பிரிங்கின் பாரம் பின் மேல் உட்கார்ந்திருக்கும், அது அசையாது. பெரிய கேம் போட்டால் இந்த நேரம்தான் சுருங்குகிறது. ஒரு கணக்குப் போடுவோம். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் திறந்திருப்பது கிராங்க் கணக்கில் 260 டிகிரி, லோப் (கேமின் மேடு) இடைவெளி கேம் கணக்கில் 114 என்றால், இரண்டு டேப்பட்டும் சேர்ந்து அடிவட்டத்தில் இருப்பது 232 டிகிரி. 280 டிகிரி கேம் என்றால் 212. வண்டி 2000 ஆர்பிஎம்மில் போகும்போது இது 19.3 மில்லி நொடியிலிருந்து 17.7-க்கு இறங்குகிறது. இந்த ஒன்றரை மில்லி நொடிக்குள்தான் நம் பிழைப்பே ஓடுகிறது. விற்பவர் தரும் தாளில் 50 தவ் (0.050 அங்குலம்) லிஃப்டில் அளந்த எண் இருக்கும், அது சின்னதாகத் தெரியும். இந்தக் கணக்குக்கு வால்வு சீட்டை விட்டுக் கிளம்பி மறுபடி சீட்டில் உட்காரும் வரை அளந்த எண் வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஏஎஃப்எம் வண்டிக்கு என்றே வெட்டிய கேம்தானா என்பதையும் பாருங்கள். 1, 4, 6, 7-க்கான லோப்கள் மற்ற நாலைப் போல இருக்காது. சாதா கேமைப் போட்டுவிட்டு வி4 வேண்டும் என்று கேட்பவருக்கு இந்தக் குறிப்பில் மருந்து இல்லை.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக், சூடானதும் காணோம்

கேம்மேல் பழி போடாதீர்கள். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைவது சகஜம், அதிலும் கடைசியில் ஃபயர்வால் பக்கம் இருப்பது. குளிரில் இடுக்கு வழியே புகை தப்பும், டேப்பட் மாதிரியே சத்தம் வரும். இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு அடைபடும், சத்தம் நிற்கும். டார்ச் அடித்து ஹெட்டோரம் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினால் இடமே காட்டிக்கொடுக்கும். தமாம் பையனுக்கு அன்றைக்கு இதுதான். ஹெட்டைக் கழற்றி மாட்டும்போது பழைய போல்ட்டையே திருப்பி இறுக்கியிருக்கிறான்.

ஸ்டார்ட் பண்ணி இரண்டு மூன்று நொடி மட்டும் சத்தம் வந்து அடங்கினால் டேப்பட்டில் ஆயில் இறங்கி மறுபடி நிரம்புகிறது. அதற்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிப் பார்த்தால் போதும், கவலை வேண்டாம்.

சத்தம் நிற்கவே இல்லை, ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது

ஸ்கேனரில் எந்த எண் என்று பாருங்கள். பி0301, பி0304, பி0306, பி0307 இவற்றில் ஒன்று என்றால் ஏஎஃப்எம் டேப்பட் மேல் சந்தேகம் போகலாம். 2, 3, 5, 8 என்றால் அந்த சிலிண்டரில் அந்த டேப்பட்டே கிடையாது. பிளக், காயில், இல்லை குழியில் உட்காராத புஷ் ராடு, அந்த வழியில் போங்கள்.

சந்தேகம் சரிதானா என்று பார்க்க ஹெட்டைத் தூக்க வேண்டாம். ராக்கர் கவரைக் கழற்றி, கிராங்கை ஸ்பேனரால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அந்த சிலிண்டரின் ராக்கர் பக்கத்து ராக்கர் அளவுக்கு இறங்குகிறதா? அசையவே இல்லை என்றால் பின் உள்ளேயே சிக்கிவிட்டது. இன்டேக் அசையாவிட்டால் கம்ப்ரஷன் கேஜில் ஒன்றும் ஏறாது, உள்ளே போகக் காற்றே இல்லை. எக்ஸாஸ்ட் அசையாவிட்டால் வேறு மாதிரி: எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் இன்டேக் திறந்ததும் அந்தப் பக்கம் பாயும், த்ராட்டில் வழியாக வண்டி தும்மும். பாதியளவு அசைகிறது என்றால் லோபே தேய்ந்திருக்கலாம். டயல் கேஜ் வைத்து அளந்து, கேம் தாளில் உள்ள லோப் லிஃப்டை 1.7-ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள்.

சிக்கிய டேப்பட்டை ஆயிலில் மருந்து ஊற்றி விடுவிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டு விடுபட்டதை நானும் பார்த்திருக்கிறேன், மறுபடி சிக்காத ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. ஹெட் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் டேப்பட் பதினாறும் புதிது, ஹெட் போல்ட்டும் புதிது. அந்த போல்ட் ஒருமுறை நீண்டால் தீர்ந்தது. டேப்பட் கைடு போல்ட் 12 நியூட்டன் மீட்டர், பள்ளத் தட்டு 25, ராக்கர் 30. கைடைப் பல்லைக் கடித்து இறுக்காதீர்கள், பிளாஸ்டிக்.

புதுக் கேமின் அடிவட்டம் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் புஷ் ராடு நீளமும் மாற வேண்டும். இந்த ராக்கரில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. நீளம் சோதிக்கும் புஷ் ராடு வைத்து டேப்பட்டின் அமுக்கம் 1-இலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் வருகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் மூடியதால்தான் பல வண்டிகளில் சத்தம் ஆரம்பத்திலிருந்தே நிற்பதில்லை.

வி4 விட்டு வி8-க்கு வரும்போது ஒரு உதை

இதுதான் கேம் மாற்றிய வண்டியின் சொந்தச் சீக்கு. ரோட்டில் 90-இல் சீராகப் போகிறது, முந்துவதற்கு மிதிக்கிறீர்கள், ஒரு கணம் விக்கி "டப்" என்று உதைத்துவிட்டுக் கிளம்புகிறது. என்ன நடக்கிறது? சோலனாய்டு மூடிவிட்டது, ஆயில் வடிய வேண்டும், பின் வெளியே வர வேண்டும். வடிவதற்குள் அடிவட்ட நேரம் முடிந்துபோனால் பின் அரைகுறையாக நிற்கும்போதே மேடு வந்து தூக்கும். பின்னின் ஓரம் நழுவி டேப்பட் விழும். அந்த விழுகைதான் உங்களுக்குக் கேட்கும் உதை. நாலு மாதம் இப்படி ஓட்டினால் பின் முனை உருண்டு, அப்புறம் எப்போதும் நழுவும்.

முதலில் ஆயிலைக் கேளுங்கள். கல்ஃப் வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும் என்று 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் கேரேஜுக்குக் கேரேஜ் உண்டு. எஞ்சின் சத்தம் அடங்கும், வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார். ஆனால் அந்த நுண்ணிய வழியில் கெட்டி ஆயில் வருவதும் தாமதம், வடிவதும் தாமதம். இந்த எஞ்சினுக்கு 5டபிள்யூ-30, டெக்சோஸ் (dexos) முத்திரை உள்ளது. ஊற்றி 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். என் அனுபவத்தில் உதைப்பு வண்டிகளில் பாதி இங்கேயே சரியாகிவிடும்.

ஆயில் சரி, இன்னும் உதைக்கிறது. அடுத்தது, உதைப்பு எந்த ஆர்பிஎம்மில்? 1500-இல் இல்லாமல் 2300-இல் மட்டும் என்றால் நேரம் போதவில்லை என்று அர்த்தம். ஆர்பிஎம் ஏற ஏற அந்த 17 மில்லி நொடியும் சுருங்குகிறது. எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும் ஹெச்பி டியூனர்ஸ் மாதிரி மென்பொருளில் வி4-க்கு அனுமதிக்கும் ஆர்பிஎம் உச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் டாப் கியரில் வண்டி எப்படியும் 1800-ஐ ஒட்டித்தான் ஓடும், மைலேஜில் பெரிய நஷ்டம் வராது. எல்லா ஆர்பிஎம்மிலும் உதைக்கிறது, அதுவும் ஒரே சிலிண்டரில் என்றால் அந்த சோலனாய்டு மெதுவாக மூடுகிறது, அல்லது பள்ளத் தட்டின் கேஸ்கெட் கசிகிறது. தட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டின் ரப்பர் வளையங்களை விரலால் தடவிப் பாருங்கள், வெட்டுப்பட்டது கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரியும்.

வால்வு ஸ்பிரிங்கையும் கேளுங்கள். பெரிய கேம் என்றதும் பந்தய ஸ்பிரிங் போட்டுவிடுவார்கள். அந்தக் கூடுதல் பாரம் முழுவதும் இரண்டு சின்னப் பின் மேல்தான் விழுகிறது. கேம் தயாரிப்பாளர் சொன்ன ஸ்பிரிங்குக்கு மேல் போகாதீர்கள்.

வி4 வருவதே இல்லை

பெரும்பாலும் பிழையே இருக்காது. டிரைவர் கியரை எம்-இல் போட்டு ஓட்டுகிறாரா? அதில் வி4 வராது. எஞ்சின் சூடாகவில்லை, மிதி கனம், பிரேக் பூஸ்டரில் வாக்குவம் குறைவு, எது இருந்தாலும் கம்ப்யூட்டர் அனுமதிக்காது. பெரிய கேம் ஐட்லிங்கில் வாக்குவத்தைக் குறைக்கும் என்பதால் பூஸ்டர் குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் இப்போது பெரிதாகத் தெரியும். டியூன் பண்ணியவர் ஏஎஃப்எம்மையே அணைத்துவிட்டாரா என்றும் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் அணைத்துவிட்டு "எல்லாம் சரியாக்கிட்டேன்" என்பவர்கள் இருக்கிறார்கள்.

பி3401, பி3425, பி3441, பி3449 ஆகியவை முறையே 1, 4, 6, 7-ஆம் சிலிண்டர் சோலனாய்டின் மின்சாரக் குறைகள். நாலும் ஒன்றாக வந்தால் சோலனாய்டுகள் நாலும் ஒரே நாளில் சாகவில்லை. சாக்கெட் செருகவில்லை, அல்லது இன்டேக் மேனிஃபோல்டை வைக்கும்போது வயர் நசுங்கியது. ஒன்று மட்டும் வந்தால் நாலின் ஓம் அளவையும் எடுத்து, கூட்டத்தில் சேராதது எது என்று பாருங்கள்.

வி4 வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது

கையால் பிழை பார்க்கிற வேலை இல்லை இது, டியூன் வேலை. புதுக் கேம் மேலே சக்தி கொடுக்கும், கீழே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் அதே ரோட்டில் அதே வேகத்துக்கு நாலு சிலிண்டர் முன்பைவிட அதிகம் தம் பிடிக்க வேண்டியிருக்கிறது. வரம்பைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் வி8-க்குப் போகிறது, பாரம் குறைந்ததும் திரும்புகிறது. வி4-இலும் வி8-இலும் ஃபியூவல் ட்ரிம்மை (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவை) தனித்தனியாகப் பதிவு செய்து டியூன் பண்ணுபவருக்கு அனுப்புங்கள். இரண்டையும் கலந்து ஒரே சராசரியாக அனுப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சைலன்சர் மாற்றிய வண்டியில் வி4-இல் வண்டு மாதிரி ரீங்காரம் வரும், அது குறையில்லை.

வேலை முடித்ததும் ஆயில் பிரஷர் இல்லை

இது என் தலையில் விழுந்தது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஷார்ஜாவில் ஒரு டாஹோ. கேமோடு ஆயில் பம்பும் மாற்றினேன். வியாழன் சாயங்காலம், மறுநாள் லீவு, அவசரம். ஸ்டார்ட் பண்ணினால் கேஜ் பத்துக்கு மேல் ஏறவில்லை, டேப்பட் பதினாறும் மத்தளம் வாசிக்கிறது. சென்சார் போயிருக்கும் என்று மாற்றினேன், அதேதான். அந்த சென்சாருக்குக் கீழே, பள்ளத் தட்டில், நகக்கண் அளவு ஒரு சல்லடை உண்டு. அது அடைத்தாலும் கேஜ் பொய் சொல்லும். எடுத்துப் பார்த்தேன், சுத்தம். அப்புறம்தான் ஆயில் ஃபில்டருக்கு மேலே இரண்டு போல்ட் தட்டு இருக்கும் இடத்தில் கையால் படிக்கும் கேஜைக் கட்டினேன். அங்கேயும் பத்துதான். கேஜ் பொய் சொல்லவில்லை, ஆயிலே வரவில்லை.

சம்ப்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டியை) இறக்கியபோது பம்ப்புக்கு ஆயில் உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓரிங் பாதி வெளியே பிதுங்கி, பிறை மாதிரி வெட்டுப்பட்டுக் கிடந்தது. உலர்ந்த ஓரிங்கைக் கோணலாகச் செருகி போல்ட்டால் இழுத்திருக்கிறேன். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஓரிங்குக்கு ஆயில் தடவி, குழாயைக் கையால் முழுதாக உள்ளே தள்ளிய பிறகுதான் போல்ட் போடணும். அந்த வெள்ளிக்கிழமை முழுக்க சம்ப்புக்குக் கீழே கிடந்தேன்.

எஞ்சின் சூடான பிறகு 1000 ஆர்பிஎம்மில் 6, 2000-இல் 18, 4000-இல் 24 பிஎஸ்ஐ என்று புத்தகம் சொல்வது குறைந்தபட்சம். அந்த எல்லையை உரசிக்கொண்டு ஓடும் எஞ்சினில் வி4 ஒழுங்காக வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு கிராங்க் பண்ணினால் பெட்ரோல் வராது, ஆயில் மட்டும் ஏறும். கேஜ் அசைந்த பிறகு காலை எடுங்கள்.

நீலப் புகை

கேம் மாற்றிய பிறகு கவனித்திருப்பார்கள், பெரும்பாலும் முன்பே இருந்திருக்கும். இந்த எஞ்சினின் சம்ப்புக்குள் ஒரு ரிலீஃப் வால்வு ஆயிலை மேலே பீச்சி அடிக்கும், அது ரிங் வழியாக ஏறும். அதைத் தடுக்கக் கம்பெனியே ஒரு தகட்டு மூடி கொண்டுவந்தது. சம்ப் கீழே இறங்கியிருக்கும்போதே அதைப் போட்டுவிடுங்கள்.

ஆயிலில் மினுமினுப்பு

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டி, காகிதத்தை விரித்து வெயிலில் பிடியுங்கள். லேசான சாம்பல் பூச்சு பரவாயில்லை. ஊசி ஊசியாக மின்னினால், காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஏதோ ஒரு ரோலர் உருளாமல் லோபைச் சீவிக்கொண்டிருக்கிறது: கைடில் டேப்பட் திரும்பி உட்கார்ந்தது, அல்லது உதைப்பை அலட்சியம் பண்ணி ஓட்டியது. எஞ்சினை அணையுங்கள், இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுப் பார்க்க வேண்டாம். கேமும் பதினாறு டேப்பட்டும் மறுபடி. வண்டிக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், ஹெல்ப்பர் பையனை அனுப்பாதீர்கள்.